இரண்டு தட்டுக் கட்டில்

"இத கழட்டணும்" என்றார் அலுவலகத்திலிருந்து வந்தவர்.

ஜேசன் மேல்தட்டின் கடைசிப் பலகையை வைத்து அடித்துக்கொண்டிருந்தான். ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது. மூன்று ஞாயிற்றுக்கிழமை இடுப்பொடிய வேலை. இன்னும் நாலு ஆணி அடித்தால் முடிந்துவிடும் என்கிற நேரம் பார்த்து வந்து நிற்கிறார் மனுசர். முதல் ஞாயிறே வந்து தொலைத்திருந்தால் முதுகாவது மிஞ்சியிருக்கும்.

மண் சரிந்து லயத்து வீடு போனவர்களைக் குடிவைத்திருந்த, தோட்டத்தின் பழைய தேயிலை ஸ்டோர் அது. தேயிலை அரைத்த மெஷின்களை எப்போதோ கழற்றி விற்றுவிட்டார்கள். அந்த இடத்தில் தறப்பாளால் மறித்துக்கொண்டு முப்பத்தொரு குடும்பம். ஜேசனுக்கு இரும்புத் தூணோரமாகப் பத்தடிக்குப் பத்தடி. அதற்குள்தான் அடுப்பு, உடுப்பு, அவன், மனைவி ஜெசிந்தினி, இரண்டு பிள்ளைகள்.

மழை விட்டு இரண்டு நாளானாலும் சிமெந்துத் தரையில் ஈரம் போகாது. பாயை எடுத்தால் அடியில் வியர்த்துக் கிடக்கும். மூத்தவள் ஜெசீகாவுக்கு ஐந்து வயதிலேயே இழுப்பு. இனியும் தரையில் போட்டால் பிள்ளை தாங்காது என்று பதுளையில் டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கட்டில் போட இடம் பக்கவாட்டில் இல்லை. மேலே இருந்தது.

பெரகலச் சந்தியில் மரம் அரியும் மரக்காலைக்கார ஹாஷிம் ஒதுக்கிப் போட்ட ஓரப்பலகைகளைத் தோளில் போட்டு மலையேற்றினான். பிள்ளைகளுக்குச் சிராய் குத்தக்கூடாதென்று அரத்தாளால் தேய்த்துத் தேய்த்து அவன் விரல் நுனி எரிந்தது. ஜெசீகா உருண்டு விழாமலிருக்க மேல்தட்டைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குச் சட்டம். கீழ்த்தட்டில் சின்னவன் ஜொனி எழுந்து உட்கார்ந்தாலும் தலை இடிக்காது. ஆடக்கூடாதென்று ஒரு பக்கத்தைத் தூணோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கியிருந்தான்.

அந்த போல்ட்தான் அலுவலக சேரின் கண்ணில் குத்தியது.

"இது தற்காலிக இடம், அற்புதராஜ். தூண்ல பூட்டினா நிரந்தரக் கட்டுமானம்னு ஆகிரும். நீங்க ஒண்ணு அடிச்சா முப்பத்தொரு பேரும் அடிப்பாங்க. மூணே மாசம் பொறுங்க, வீடு வந்துரும்."

அற்புதராஜ் ஜேசனின் அப்பா. அப்பா போன பிறகும் ஜேசன் அந்தப் பெயரைத் திருத்தவில்லை. அவன் மட்டுமா, ஸ்டோரில் ஒருவருமே எதையும் திருத்தவில்லை. வீட்டுப் பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டாலும் கோப்பு முழுதாகத் திரும்பிப் போய், எல்லோருடைய வரிசையும் மறுபடி அடியிலிருந்து தொடங்கும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அன்றிலிருந்து இங்கே செத்தவர்கள் சாகவில்லை, பிறந்தவர்கள் பிறக்கவுமில்லை. வருகிற அதிகாரி என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் தலையாட்டிவிடுவது என்று பேச்சு.

"ஆமாங்க சேர்" என்றான் ஜேசனும். சொன்ன வாய் கசந்தது.

சேர் மாற்றலாகி வந்து இரண்டு கிழமைதான். கீழ்த்தட்டில் உட்கார்ந்து அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. நல்லாத்தான் அடித்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். போனை எடுத்துப் படமும் பிடித்துக்கொண்டார். கழற்றிப் போடச் சொன்ன கட்டிலுக்குப் படம் ஒரு கேடு.

ஜெசிந்தினி மகளை இழுத்துவந்து அவர் முன்னால் நிறுத்தினாள். பிள்ளை வாய் திறக்குமுன் நெஞ்சு கீச்சிட்டது.

"இந்த நெஞ்ச கேட்டுப் பாருங்க சேர். இத எப்புடிங்க தரையில போடுறது?"

சேர் பிள்ளையைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. மோசமான மனுசர் இல்லை. அதுதான் ஜேசனுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. திட்டுகிறவரைத் திருப்பித் திட்டலாம். இரக்கப்பட்டுக்கொண்டே கட்டிலைக் கழற்றச் சொல்கிறவரை என்ன செய்வது?

அவர் பையிலிருந்து பட்டியலை எடுத்து விரலை ஓட்டினார்.

"ஒங்க குடும்பத்துல ஒரு பிள்ளதான் பதிஞ்சிருக்கு. இதுங்க ரெண்டும் சொந்தக்காரங்க பிள்ளைகளா?"

பெற்ற தகப்பனைப் பார்த்துக் கேட்கிறார். ஜேசனுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஜெசிந்தினி அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். பேசாதே என்று அர்த்தம். தறப்பாள்களுக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் முழுக்க மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் ஒருத்தன் வாய் திறந்தால் அத்தனை பேரின் வீடும் தள்ளிப் போகும். அப்படித்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள், அவனும்தான்.

சேர் குரலைத் தணித்தார். தன்னால் ஆனதைச் செய்கிறவரின் குரல்.

"சரி, ஒண்ணு செய்வோம். பதிஞ்ச பிள்ளைக்கு சுகமில்லன்னு நான் ஒரு கடிதம் எழுதிர்றேன். கட்டில் இருக்கட்டும். அந்தப் பையன ஒருக்கா கூப்பிடுங்க, நான் பாக்கணும்." பட்டியலில் விரலை வைத்து வாசித்தார். "ஜேசன். வயசு ஒம்பது."

ஜேசன் முழங்கையை விடுவித்துக்கொண்டான்.

"கூப்பிட வேணாங்க சேர். ஒங்க முன்னாடிதான் நிக்கிறேன். இந்த ஸ்டோருக்கு வந்தப்ப எனக்கு ஒம்பது. வாற நத்தாரோட இருபத்தெட்டு முடியுது."