திறக்காத சர்வர்

"தனிச்சாவியைக் கொண்டுபோய் சர்வர்ல ஒட்டி வெச்சிருக்கீங்களே, அதை வெளியில காட்டவே கூடாது சார்! கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு ஜோடி டிஜிட்டல் சாவி உருவாக்கி, பொதுச்சாவியை மட்டும் அங்க ஒட்டுங்க. யாரு சார் உங்களுக்கு வேலை குடுத்தது?"

கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரத்து அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு டோக்ஜான் பொரிந்து தள்ளினாள். சர்வர் வாடகைக்கு விடும் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் அழைப்புகளை எடுத்தாக வேண்டும்.

"கோவப்படாதீங்க மேடம்," மறுமுனை கிசுகிசுத்தது. "எங்க மருந்துக்கடைகளோட விவரமெல்லாம் அதுலதான் இருக்கு. இன்னிக்குள்ள நான் உள்ள போகலேன்னா நாளைக்கு ஒரு கடையிலயும் பில் போட முடியாது. முதலாளி தோலை உரிச்சிடுவாரு."

"காதுல விழல, சத்தமாப் பேசுங்க!"

"முடியாது மேடம். ஒரு வீட்டுக்கு வந்த இடத்துல, மாடிப்படியில உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்."

அம்மா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "வந்தவங்க எவ்வளவு நேரம்டி பவுர்சாக் பணியாரத்தையே மெல்லுவாங்க? டீ எங்க?"

"வரேம்மா!"

"புதுச் சாவி போட்டாச்சு மேடம். இன்னும் அனுமதி இல்லைங்குது."

"அந்த சாவி ஃபைலை யாரெல்லாம் படிக்கலாம்னு போட்டிருக்கு?"

"எல்லாரும்."

"தெருவுல தொங்குற சாவியை எவன் சார் நம்புவான்? உங்களுக்கு மட்டும்னு மாத்துங்க. எந்தப் பேர்ல நுழையறீங்க?"

"என் சொந்தப் பேர்லதான்."

"சர்வருக்கு உங்களை யாருன்னு தெரியும்? அதுல பதிஞ்சிருக்கிற பேரைப் போடுங்க!"

சற்று நேரம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கூவல். "தெரியுது மேடம்! சர்வரோட திரை முழுசா என் மடியில இருக்கிற லேப்டாப்புல தெரியுது! கோடிப் புண்ணியம் உங்களுக்கு!"

டோக்ஜான் போனை வைத்துவிட்டு, உடையை நீவிவிட்டு, தேநீர்த் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தாள்.

"எங்க பொண்ணு வாயில்லாப் பூச்சி," என்று அம்மா விருந்தாளிப் பெண்மணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டா."

அப்போதுதான் வாசல் கதவைத் திறந்துகொண்டு, கையில் லேப்டாப்போடு மாப்பிள்ளைப் பையன் உள்ளே வந்து தன் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டீ எடுத்துக்கங்க," என்றாள் டோக்ஜான், குனிந்த தலை நிமிராமல்.

அந்தக் குரலைக் கேட்டதும், தேநீர்க் கிண்ணத்தை எடுக்க நீண்ட அவன் கை அந்தரத்தில் நின்றது.

"என்னடா முழிக்கிற? பொண்ணு பிடிச்சிருக்கா?" என்றாள் அவன் தாய்.

"இவங்க போட்ட அதட்டல்ல அந்த சர்வரே வழிக்கு வந்துடுச்சும்மா. நான் எம்மாத்திரம்!"