வாரத்துக்கு விட்ட முயல்

தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில் காவல்காரர்கள் வீடு வீடாக நுழைந்து தேடிக்கொண்டிருந்தார்கள். கீழ் லயத்தில் பூரணி, கையில் துள்ளிய இரண்டு உயிர்களையும் காலி அரிசிப் பானைக்குள் விட்டு, மேலே முறத்தைக் கவிழ்த்தாள். சத்தம் போடாதீங்க கண்ணுகளா என்று கெஞ்சவும் செய்தாள்.

காவல்காரர்களுக்குப் பயந்து அல்ல. அவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் கசிப்புச் சாராயப் போத்தலைத் தேடி வருகிறவர்கள்தான். பிடிபட்டால் பத்துச்சீட்டு, வேலையும் போச்சு, வீடும் போச்சு. ஆனால் பூரணி வீட்டில் கசிப்புக்கு என்ன வேலை? அவள் பயந்ததெல்லாம் ராசம்மாக்காவுக்கு.

ராசம்மா துரை பங்களாவில் புல் வெட்டுகிறவள். இரண்டரை மாதத்துக்கு முன்னால் கொட்டுகிற மழையில், சாக்கால் மூடிய கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு சினை முயல். தலவாக்கலைச் சந்தையில் வாங்கினாளாம். ஆட்டை வாரத்துக்கு விடுகிற மாதிரி இதையும் விடுகிறேன், வளர்க்கிறது நீ, குட்டியில் ஆளுக்குப் பாதி என்றாள். குட்டிகளுக்கு ஒன்றரை மாதம் ஆனதும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பங்கு. ஊர்க் கண் பட்டுவிடும், குசினி அடுப்படியை விட்டு வெளியே விடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

பூரணிக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. தேயிலைக் கவ்வாத்து வெட்டும் மலையில் நனைந்து நெஞ்சில் சளி கட்டிய புருஷன் சின்னராசா, நாலு மாதமாகப் பாயோடு கிடந்தான். கறிச்சாறு உள்ளே போனால்தான் எழுந்து நடப்பான் என்று தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா சொல்லியிருந்தார். அவள் சம்பளத்தில் அரிசிக்கே இழுபறி, கறிக்கு எங்கே போவாள்?

வந்த முயலுக்கோ மகாராணி என்று நினைப்பு. மலையில் தேடித் தேடிப் பிடுங்கி வந்த புல்லை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சின்னராசா கையில் பாண் ரொட்டித் துண்டைக் கண்டால் போதும், இரண்டு காலில் எழுந்து நின்றுவிடும். சந்தை முயல் பாண் கேட்கிறதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவன் இருமலுக்கு நடுவே சிரிப்பான்.

ஒரு நாள் சாயங்காலம் அது தன் மார் மயிரைத் தானே பிய்த்துப் பிய்த்துப் போட்டது. சொறி பிடித்துவிட்டதென்று பூரணி வேப்பெண்ணெய் தடவி, அடுத்தவள் பொருளைக் கொல்லப் பார்த்தேனே என்று அழுதாள். விடிந்து பார்த்தால் அந்த மயிர் மெத்தைக்குள் ஆறு குட்டிகள் நெளிந்தன.

அன்றைக்கே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ராசம்மா எத்தனை என்று கேட்டாள். நாலு என்று சொன்னாள் பூரணி. வாயில் வந்த பொய்யைக் கேட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள்.

தனியாக ஒரு சோடி இருந்தால் அது பெருகும், புருஷனுக்கு மாதா மாதம் கறி கிடைக்கும். நினைத்தது அவ்வளவுதான். ஆனால் அன்று முதல் அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ராசம்மா ஒரு தடவையாவது வந்து எட்டிப் பார்த்து, எண்ணிப் பார்த்து, சந்தேகப்பட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்தப் பக்கமே அவள் தலைகாட்டவில்லை. இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவளையா ஏய்த்தோம் என்று பூரணி உள்ளுக்குள் வெந்தாள்.

இன்றைக்குப் பங்கு நாள். மூன்று மாதம் சீமைக்குப் போயிருந்த துரைசாணி நேற்றுத்தான் திரும்பியிருந்தாள். பங்களாவில் தலைக்கு மேல் வேலை என்று லயமே பேசிக்கொண்டது. ராசம்மா வரமாட்டாள் என்று பூரணிக்கு ஒரு நப்பாசை. ஆனால் சொன்ன சொல் தவறாமல் வந்து நின்றாள். தலையில் போட்ட கம்பளியை எடுக்காமல் குசினிக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். முகத்தில் ஈயாடவில்லை.

தெரிந்துவிட்டது! பூரணி பானையை மறைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துப் பானைக்குள் ஒரு குட்டி காலால் தட்டியது. மேலே முறம் ஆடியது.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. முறத்தை எடுத்துப் போட்டுவிட்டு இரண்டு குட்டிகளையும் ராசம்மாவின் காலடியில் விட்டாள்.

"ஆறுக்கா. நாலுன்னு பொய் சொல்லிட்டேன். அவருக்காகத்தான் அப்படிப் பண்ணேன். என்னைய மன்னிச்சிருங்க."

ராசம்மா குட்டிகளைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஆறையும் நீயே வைத்துக்கொள் என்றாள். தாயும் உனக்குத்தான், எனக்குப் பங்கே வேண்டாம் என்றாள்.

கூடப் பிறந்தவள்கூட இப்படி விட்டுக்கொடுப்பாளா? பூரணி ராசம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, இந்த மனுஷிக்கா துரோகம் செய்தேன் என்று ஏங்கி ஏங்கி அழுதாள்.

வெளியே நாய் குரைத்தது. காவல்காரர்களின் பேச்சுக் குரல் அடுத்த வீட்டு வாசலில் கேட்டது. ராசம்மா அவசரமாகக் காலை விடுவித்துக்கொண்டு, பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"தொரசாணி மொசல நாந்தான் கொண்டாந்து குடுத்தேன்னு மட்டும் சொல்லிராத, பூரணி."