நாயைப் பிடிங்க!

“நாயைப் பிடிங்க!”

குதிரையை விட்டு இறங்காமலே வெளியிலிருந்து கத்தினான் கோம்போ. மங்கோலியப் புல்வெளியில் அதுதான் வணக்கம். நாயே இல்லாத கூடாரமாக இருந்தாலும், இப்படிக் கத்தாமல் உள்ளே நுழைகிறவன் மரியாதை தெரியாதவன்.

டம்டின் கூடாரத்தில் நாய் இருந்தது. வண்டியடியில் படுத்தபடியே அசார் குரைத்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம், கடைசியில் கிழவனைப் போல ஓர் இருமல்.

“பிடிச்சாச்சு, வா!” என்று உள்ளே உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தான் டம்டின். அசாரைப் பிடிக்க வேண்டிய காலமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

கோம்போ குனிந்து உள்ளே வந்தான்.

“ஏண்டா, அந்தக் காக்காச் சனியனை இன்னும் வெச்சிருக்கியா? நாய் முதுகுல சாஞ்சுக்கிட்டு மகாராணி மாதிரி உக்காந்திருக்கு!”

அடுப்பருகே உப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒயுனாவுக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் எதுதான் முழுசாக வந்தது? நகரத்துக்குக் குடிபோனவர்கள் விட்டுவிட்டுப் போன நாய் அசார். ஓநாய் கடித்து ஒரு கால் போன வெள்ளாடு. குளிரில் காது உதிர்ந்த குதிரைக்குட்டி. கடைசியாக, இறக்கை ஒடிந்து கிடந்த அண்டங்காக்கை. எல்லாம் அவள் மடியில் ஏந்திக்கொண்டு வந்தவை. மற்றதற்கெல்லாம் தலையாட்டிய அவள் புருஷன் டம்டினுக்கு, காக்கை விஷயத்தில் மட்டும் மனசு ஒப்பவில்லை.

“அடுத்த வாரம் ஆடுங்க குட்டி போட ஆரம்பிச்சிரும்,” என்றான் கோம்போ. “விழுந்த குட்டியோட கண்ணைத்தான் இதுங்க முதல்ல கொத்தும். போன வருஷம் எனக்கு எத்தனை குட்டி போச்சு தெரியுமில்ல?”

“இது கொத்தாது அண்ணே,” என்றாள் ஒயுனா. “வந்த நாள்லேருந்து வாயைத் திறந்து ஒரு தடவைகூடக் கரைஞ்சதில்லை. அசார் தட்டுல சாப்பிடுது, அசார்கூடத் தூங்குது. அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

“ஊமைக் காக்கா வேறயா? விளங்கிரும்!”

டம்டினுக்கு நண்பன் முன்னால் மானம் போனது போலிருந்தது. சட்டென்று எழுந்தான்.

“சாயங்காலம் நான் மந்தையை ஓட்டிக்கிட்டு வரும்போது அது இங்க இருக்கக் கூடாது. நீயே எங்கயாவது கொண்டுபோய் விட்டுடு. இல்லேன்னா நான் கல்லை எடுப்பேன்.”

“பறக்க முடியாததை வெளியில விட்டா நரி தின்னுடுங்க.”

“குட்டிங்க செத்தா நாம எதைத் தின்கிறது?”

பதிலுக்குக் காத்திராமல் குதிரையேறினான். கோம்போ தன் மந்தையைத் தேடி வேறு பக்கம் போனான். போகிற போக்கில் அசாரின் தட்டு டம்டின் கண்ணில் பட்டது. காலையில் போட்ட எலும்பு அப்படியே கிடந்தது. கிழத்துக்குப் பல் போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டான்.

மதியத்துக்கு மேல் வானம் இடிந்து விழுந்தது போலப் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. குதிரையின் காதுகூடத் தெரியவில்லை. எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் காடு என்று புரியாத வெள்ளை. மந்தை போன போக்கில் அவனும் போனான். விரல்கள் மரத்துப்போயின. இப்படி வழி தவறிப் போனவர்களைப் பனி உருகிய பிறகு தேடி எடுத்தவர்களில் அவனும் ஒருவன். ஒயுனாவிடம் கடைசியாகக் கோபமாகப் பேசிவிட்டு வந்தது நினைவுக்கு வந்து அழுதான்.

அப்போதுதான் கேட்டது. வலப்பக்கம், வெகு தூரத்தில். இரண்டு குட்டை, ஒரு நீளம், ஓர் இருமல்.

“அசார்! என் ராஜா! நிறுத்தாதடா, குரை!”

அது நிறுத்தவில்லை. டம்டின் இறங்கிக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டான். காற்று அந்தச் சத்தத்தை விழுங்கும்போதெல்லாம் நின்றான். மறுபடி கேட்டதும் நடந்தான். குதிரையும் ஆடுகளும் அவன் பின்னால் முட்டி மோதிக்கொண்டு வந்தன. கடைசியில் கை தன் ஆட்டுப்பட்டியின் சுவரைத் தொட்டது.

தன் வீட்டு வாசலில் யாரும் அப்படிக் கத்துவதில்லை. டம்டின் கத்தினான், அழுகையும் சிரிப்புமாக.

“நாயைப் பிடிங்க!”

ஒயுனா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு உள்ளே இழுத்துப் போனாள்.

“எங்க அவன்? உள்ள கூட்டிட்டு வா! வீட்டுல இருக்கிற கொழுப்பெல்லாம் இன்னிக்கு அவனுக்குத்தான். அவன் குரல் இல்லேன்னா நான் இல்ல, ஒயுனா.”

அவள் அவன் கைகளைத் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே அழுதாள்.

“நீங்க போன கொஞ்ச நேரத்துலயே அசார் போயிட்டான். தூங்குறான்னுதான் நெனச்சேன். புயலுக்கு முன்னாடியே மேட்டுல கொண்டுபோய்ப் படுக்க வெச்சுட்டேன். அடுத்த பிறவியில மனுஷனாப் பிறக்கணும்னு வாலை வெட்டித் தலைக்கு அடியில வெச்சு, காதுல சொல்லிட்டு வந்தேன்.”

டம்டின் கைகளை இழுத்துக்கொண்டான்.

“நான் காதாரக் கேட்டேன். அந்த இருமல்கூட...”

“நானும்தான் கேட்டேன்,” என்று சொல்லிக் கதவைத் திறந்தாள் ஒயுனா. “எவ்வளவு கூப்பிட்டாலும் உள்ள வரமாட்டேங்குது.”

வண்டியடியில், அசார் படுக்கும் அதே இடத்தில், பாதி பனி மூடிய அண்டங்காக்கை கழுத்தை நீட்டிக் குரைத்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம், ஓர் இருமல்.

வெள்ளைக்குள் எங்கிருந்தோ, உயிர் பதறக் கோம்போவின் குரல் வந்தது. “நாயைப் பிடிங்க!”

டம்டின் ஓடிப்போய் அண்டங்காக்கையை வாரியெடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புயலைப் பார்த்துக் கத்தினான்.

“பிடிச்சாச்சு, வா!”