கடைசி மாணவர்

"இந்தத் தடவையும் போச்சு, தட்டுவண்டிக்காரரே. நாற்பதுக்குப் பதினாலு."

ஆசிரியை சொல்லிவிட்டு விடைத்தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். சிறுவர்களுக்கென்று செய்த பெஞ்சில் முழங்கால் இடிக்க அமர்ந்திருந்த அந்த ஐம்பது வயது மனிதர், கன்னத்தில் அறை வாங்கியவர்போல் நிமிர்ந்தார்.

"பதினாலா? நல்லா எழுதியிருக்கேன்னுல்ல டீச்சர் நினைச்சேன்!"

"நினைக்கிறது வேற, பேனா எழுதறது வேற."

பெரிய மருத்துவமனையில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை வண்டியில் அடுக்கி, வார்டு வார்டாகத் தள்ளிச் செல்வது அவர் வேலை. தட்டுக்குத் தட்டு ஓர் அட்டை: இவருக்கு உப்பு ஆகாது, இவருக்குச் சர்க்கரை ஆகாது. இரண்டாண்டுகளுக்கு முன் ஒருநாள், அட்டையைப் படிக்கத் தெரியாமல், சர்க்கரை நோய் முற்றிய ஒரு பெண்ணின் முன் இனிப்புக் கஞ்சியை வைத்துவிட்டார். அந்தப் பெண் மூன்று நாளில் தேறி எழுந்தார். இவர் இன்னும் எழவில்லை. எழுத்தறியாதவன் ஏந்தும் தட்டு கத்தியினும் கொடியதாகலாம்! அந்தக் கொடுமையைத் தன் கையிலிருந்து கழுவித் தீர்க்கவே அவர் இந்த முதியோர் கல்வி வகுப்பின் படியேறினார்.

"கிட்னிக்காரருக்கு வாழைப்பழம் கூடாதுன்னு எழுதினேனே டீச்சர்?"

"கூடும்னு எழுதியிருக்கீங்க."

"ஐயையோ! அப்ப நான் ஆளையே அனுப்பி வெச்சிருவேன் போலிருக்கே!" தலையில் அடித்துக்கொண்டார். "தாளைக் கொஞ்சம் காட்டுங்களேன். எங்க சறுக்கினேன்னு பாத்துக்கறேன்."

"திருத்தின தாளைக் காட்டக் கூடாதுன்னு விதி." ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வகுப்புல கேட்டா மடமடன்னு சொல்றீங்க. பரீட்சையில மட்டும் கவுந்துடறீங்க. வேணும்னே தப்பா எழுதறீங்களோ?"

"நான் எதுக்கு டீச்சர் அப்படிப் பண்ணப்போறேன்? சமையற்கூடத்து அம்மா கறாராச் சொல்லிட்டாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள சர்ட்டிபிகேட் கொண்டுவந்தா, அட்டையைப் பாத்துத் தட்டு போடற வேலை எனக்கு. இல்லேன்னா வேற ஆளுக்கு. அது சாயங்கால ஷிப்டு. இங்க வர முடியாதேன்னு ஒரு கவலை இருந்துச்சு. இப்ப அந்தக் கவலையும் தீந்துச்சு!"

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

ஆசிரியை வருகைப் பதிவேட்டை இழுத்துக்கொண்டார். பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்பதெல்லாம் இங்கே கிடையாது. மதியம் உண்டது என்ன என்று சொல்ல வேண்டும். உடல்நலப் பாடம் அப்படித்தான் தொடங்கும். ஒரு காலத்தில் முப்பத்திரண்டு குரல்கள் இந்தக் கூரையை அதிரவைத்தன.

"முட்டையும் கீரையும்" என்பார் கொத்தனார்.

"பொண்டாட்டி திட்டு, ரெண்டு கரண்டி" என்பார் முடிதிருத்துபவர்.

"அது புரதமா கொழுப்பா, டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்லுங்கண்ணே!" என்பாள் தையற்காரி.

ஒவ்வொருவராகத் தேறினார்கள், ஒவ்வொருவராகப் போனார்கள். போனவர் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதுமில்லை! கற்றவன் வாசலைக் கடந்து போவதுதானே கற்பித்தவரின் வெற்றி? அந்த வெற்றி முப்பத்தொரு முறை நிகழ்ந்துவிட்டது. முப்பத்திரண்டாமவரும் தேறிவிட்டால் அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கும்படி மேலிடத்துக் கடிதம் வந்திருந்தது.

"தட்டுவண்டி?" என்று பதிவேட்டைப் பார்த்தபடியே கூப்பிட்டார்.

"பருப்பு, கோஸ், ஒரு கொய்யா." ஆசிரியை எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார் அவர். "நீங்க?"

முப்பத்திரண்டு பேரில் இப்படித் திருப்பிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"ரொட்டி."

"நேத்தும் ரொட்டி, முந்தாநேத்தும் ரொட்டி! எங்களுக்குக் கீரை, பருப்புன்னு வாய் வலிக்கப் பாடம். உங்களுக்கு மட்டும் டீயில முக்கின ரொட்டியா? உங்களுக்கு எத்தனை மார்க் போடலாம், சொல்லுங்க."

"ஒருத்திக்காக யாருங்க அடுப்பு மூட்டுவாங்க?"

"அடுப்புக்கு என்ன, ஒருத்தின்னு தெரியவா போகுது? மூட்டுங்க. நாளைக்கு வந்து கேப்பேன்."

ஆசிரியை சிரித்தார். காலையிலிருந்து அவர் வாய் திறந்து பேசியதே இந்த அறைக்கு வந்த பிறகுதான்.

தட்டுவண்டிக்காரர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய் நின்றார்.

"டீச்சர், மனசுல வெச்சுக்காம உண்மையச் சொல்லுங்க. இந்த மரமண்டையில இதுக்கு மேல ஏறுமா? ஏறாதுன்னா சொல்லிடுங்க, இத்தோட விட்டுடறேன். என்னால இன்னொரு ஆளு படுக்கையில விழ வேண்டாம்."

ஆசிரியையின் கை இழுப்பறைச் சாவிவரை போய்த் திரும்பி வந்தது.

"ஏறும். நாளைக்கு வாங்க. முதல் பாடத்துலேர்ந்து ஆரம்பிப்போம்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கும்பிட்டுவிட்டு அவர் படியிறங்கினார்.

காலடி ஓசை தேய்ந்து மறையும்வரை ஆசிரியை அசையவில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து, தட்டுவண்டிக்காரரின் பழைய விடைத்தாள்கள் இரண்டையும் வெளியே எடுத்து, இன்றைய தாளையும் அவற்றோடு சேர்த்துக் கட்டினார். மூன்றின் தலைப்பிலும், தன் கையாலேயே சிவப்பு மையால் வட்டமிட்ட மதிப்பெண் பளிச்சென்று தெரிந்தது: நாற்பதுக்கு நாற்பது.