காதில் விழாத வரிகள்

ஆட்டக்காரர்களின் காதில் இருந்த கருவி, ரசிகர்களின் வசவை மட்டும் நீக்கிவிடும். பாட்டின் மெட்டும் அதில் வரும் பெயரும் கேட்கும். கோல்கீப்பர் ஜெனிஷின் மனைவி பெனிட்டா எதிரணியின் ஊர் மைதானத்தில், கேலரியில் உட்கார்ந்திருந்தாள். போன மாதம் செத்துப்போன அவர்களுடைய குழந்தையை வைத்து எதிரணி ரசிகர்கள் பாட்டுக் கட்டிப் பாடினார்கள்.

பக்கத்தில் பாடியவனிடம், "அது என் குழந்தை," என்றாள்.

"சும்மா கிண்டல்தாங்க்கா. அவருக்குத்தான் கேக்காதே," என்றான் அவன்.

கீழே ஜெனிஷ் அவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தான். பாட்டு இன்னும் உரத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜெனிஷ், "என் பேரைச் சொல்லிப் பாடினாங்களே, கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்."

"நல்ல ஜனங்க. இந்த ஊர் கிளப்புல கூப்பிடுறாங்க. இங்கேயே வந்துடலாமா?"

பெனிட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்க இஷ்டம்," என்றாள்.