சாம்பிள் பிரிண்ட்

கணவரோடு கடைக்குள் நுழைந்ததும் அவள் கண்கள் தேடியது பிரிண்டரை அல்ல, ஒரு பெண்ணை. கவுண்டரில் இல்லை. உள்ளறையில் எட்டிப் பார்த்தாள், அங்கேயும் இல்லை.

இருந்தது ஒரே ஆள்தான். முன்வழுக்கை, கால் உடைந்து மஞ்சள் டேப் சுற்றிய மூக்குக்கண்ணாடி, நகக்கண்ணெல்லாம் மை.

"வாங்க சார்! இன்னிக்கு மேடத்தையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"நான்தான் வருவேன்னு அடம் பிடிச்சேன்" என்றாள் அவள். "அப்படி என்ன மெஷினுன்னு நானும் பாத்துடறேன்."

பின்னே? அவளைக் கட்டிக்கொள்ள ஒரே நாளில் தலையாட்டிய மனுஷன், ஒரு பிரிண்டரைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் இந்தக் கடைக்கு நடையாய் நடந்தால், எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? அதுவும் இஸ்திரி போட்ட சட்டை, சென்ட் சகிதமாக.

கடைக்காரர் மெஷினின் மூடியைத் தூக்கினார். "ரெண்டடி அகலம் வரைக்கும் அடிக்கும் மேடம். ஹால் சுவரே நிறைஞ்சிடும். ஆனா வாங்கிப் போட்டுட்டுக் கண்டுக்காம விட்டுடக் கூடாது. அப்பப்ப ஒரு படமாச்சும் எடுக்கணும். இல்லேன்னா மை காஞ்சு அடைச்சுக்கும்."

"அப்படி அடைச்சுக்கிட்டா உங்களைத்தானே கூப்பிடணும்?" என்றார் கணவர். "ஞாயித்துக்கிழமையும் கடை உண்டுல்ல? நீங்கதானே இருப்பீங்க?"

"என்னை விட்டா யாரு சார்? காலையில தொறந்தா ராத்திரிதான் பூட்டுவேன். அதுக்கு எங்க வீட்டுக்காரி தினமும் பாட்டுப் பாடறா."

"வேலைக்குப் பொண்ணு கிண்ணு யாரையும் வெச்சுக்கலையா?" என்று அவள் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"இது ஒத்த ஆள் கடை மேடம்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கணவர் பின்பக்கம் போய்க் காகிதச் சுருள்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"சார் ஒரு தடவைகூடச் சொந்தப் படம் கொண்டு வரலை மேடம். கம்பெனி குடுத்த பூப்படத்தையே அடிச்சுப் பாத்துட்டுப் போயிடறாரு. நம்ம படத்தைப் போட்டாத்தானே மெஷினோட லட்சணம் தெரியும்?"

அடங்கிய சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. ஞாயிறு தவறாமல் பறவை எடுக்கக் கேமராவும் கையுமாகக் கிளம்புகிறவர், ஒரு காக்காய்ப் படம்கூடவா கொண்டு வரக் கூடாது? அப்படியென்றால் அதில் பறவை மட்டும்தான் இருக்கிறதா?

கேமராவிலிருந்து காலையிலேயே உருவி வைத்திருந்த கார்டைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "கடைசியா எடுத்தது எதுவோ, அதைப் போடுங்க."

கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டினார். மெஷின் உறும ஆரம்பித்ததும் கணவர் ஓடி வந்தார். "என்ன அடிக்கிறீங்க?"

"உங்க படம்தான். ஏன் பதறுறீங்க?" என்றாள் அவள்.

படம் விரற்கடை விரற்கடையாக வெளியே வந்தது. முதலில் வானம். அப்புறம் நீலத் தண்ணீர்த் தொட்டி. அப்புறம் கருகருவென்று ஏதோ பளபளத்தது. கூந்தலா? அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

கூந்தல் இல்லை, காக்கையின் தலை. பின்னாலேயே அலகு வந்தது, சிறகு வந்தது. ஏதோ ஒரு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர், அதில் ஒரு காக்கை, பக்கத்தில் விரிசலுக்கு மஞ்சள் டேப் சுற்றிய ஒரு பூந்தொட்டி. அவ்வளவுதான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சே, என்ன புத்தி எனக்கு! தங்கமான மனுஷனை எப்படியெல்லாம் நினைத்துவிட்டேன்!

"இதையே வாங்கிடலாங்க" என்று கணவரின் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பாவம்.

கடைக்காரர் படத்தை வெட்டியெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "பாத்தீங்களா மேடம், ஒவ்வொரு இறகும் தனித்தனியா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பூந்தொட்டியையே பார்த்தார்.

"சார்... இது எங்க வீட்டு மாடியாச்சே?"