ஜன்னல் சீட்டுக்காரன்

எடிசன் நகரத்து இந்திய மளிகைக் கடையின் வீடியோ அலமாரியிலிருந்து ஜலஜா எடுத்து வந்த கேசட்டைப் பார்த்ததும் கவுண்டரிலிருந்த குமரேசன் சிரித்தான்.

"மறுபடியும் இதேவா ஆன்ட்டி? மெட்ராஸ்லயே ஒரு வாரம்தான் ஓடிச்சு. உங்களைத் தவிர யாரும் தொடறதில்ல."

"நல்ல த்ரில்லர்ப்பா. நீ பார்த்தியா?"

"பார்த்தேன். ரயில்ல ஒரு பொண்ணைக் கத்தியைக் காட்டி மிரட்டறான், பெட்டியில ஒருத்தர்கூட எழுந்திருக்கல. அதுலயும் அந்த ஜன்னல் சீட்டுக் கண்ணாடிக்காரன், பேப்பரால முகத்தை மூடிக்கறான் பாருங்க, அவனை ஓங்கி ஒண்ணு விடலாம்னு வந்துச்சு."

"அவன் என் பையன்."

குமரேசன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சாரி ஆன்ட்டி, தெரியாமச் சொல்லிட்டேன்."

"பரவாயில்ல. காலேஜ் படிக்கறப்போ விளையாட்டா நடிச்சது. அப்புறம் இங்க வேலைக்கு வந்துட்டான்."

"ஒருநாள் கடைக்குக் கூட்டிட்டு வாங்களேன்."

ஜலஜா கேசட்டைப் பைக்குள் வைத்தாள்.

"போன வருஷம் ஆபீஸ் போற ட்ரெயின்ல, நிஜமாவே ஒருத்தன் ஒரு பொண்ணுகிட்ட கத்தியை நீட்டினான். என் பையன் ஒருத்தன்தான் எழுந்து போனான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

ஜலஜா பைக்குள்ளிருந்த கேசட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுலதாம்ப்பா, கடைசிவரைக்கும் எழுந்திருக்காம உட்கார்ந்திருப்பான்."